நடுவே ஒரு நாய்

கும்ரி, 18 நவம்பர் 2018

அன்புள்ள ஜிராயர் அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. உறையில் ஊர்ப் பெயர் இல்லை, உன் படைப்பிரிவின் எண் மட்டும்தான். அம்மா அந்த எண்ணுக்கே முத்தம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அவளே பேசித் தீர்த்துவிடுவதால் எனக்கு "நல்லா இருக்கியா"வுக்கு மேல் எதுவும் மிஞ்சுவதில்லை. கடிதம் எழுதலாம் என்று நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. எனக்கு வாயை விடக் கை பரவாயில்லை என்று உனக்குத்தான் தெரியுமே.

நீ கேட்டபடி கடிதத்தின் பின்பக்கம் இருந்த கவிதையைத் தனித்தாளில் படியெடுத்து நுனேயிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் கவிதைக் கூட்டம் நடக்கும் நிலவறையின் வாசலைத் தாண்டி இரண்டு தரம் போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் நுனேயே கதவைத் திறந்துவிட்டாள். என் கோட்டுக் கையில் ரொட்டிக் கடை மாவு ஒட்டியிருந்தது போல.

"ரொட்டியா? நாங்க எதுவும் சொல்லி அனுப்பலையே!" என்றாள்.

"ஜிராயரோட தங்கச்சி," என்றேன். அதற்குள் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அவள் தாளை வாங்கி நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள்.

காலையில் எழுந்து பார்க்கிறேன்: ________
அங்கிருந்தும் யாரோ என்னைப் பார்க்கிறார்கள்.
நடுவே ஒரு நாய்.
இரண்டு பக்கமும் தின்றுவிட்டு
________ படுத்துத் தூங்குகிறது.
அதனிடம் யாரும் சொல்லவில்லை: ________

"இந்த வெற்றிடமெல்லாம் அவன் விட்டதா, நீ விட்டதா?"

"அவன்தான்."

"இதே நீளமா? நீ குறைச்சுடலையே?"

அப்படியேதான் எழுதினேன் என்றேன். அவள் உடனே ஆணி தேடினாள். உன் கவிதை இப்போது அந்த நிலவறைச் சுவரில் தொங்குகிறது அண்ணா. இடப்பெயர்களை எழுதக் கூடாது என்று உங்களுக்கு உத்தரவு இருப்பதாக நீ போனில் சொன்னாய் அல்லவா, அதனால்தான் அங்கே காலியாக இருக்கிறது என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. சொல்லவா?

அம்மா நலம். அப்பா ரஷ்யாவிலிருந்து பேசினார். நீ அர்மாவிரில் ராணுவக் கிடங்கில் வேலை பார்ப்பதை அம்மா சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். "என் பையன் குடோன்ல மூட்டை எண்றான். துப்பாக்கியைத் தொடக்கூட விடறதில்லையாம்!"

உன் தங்கை,
அர்பெனிக்


9 டிசம்பர் 2018

அர்பெனிக் ஜான், என் செல்லமே,

சொல்லாதே! யாரிடமும் ஒரு வார்த்தையும் சொல்லிவிடாதே.

நுனே ஆணி தேடினாளா? இரண்டு வருஷமாக நான் எழுதிக்கொண்டு போன எதற்கும் அவள் தலையைக்கூடத் தூக்கியதில்லை. "ஜிராயர், இதுல எல்லாமே இருக்கு, அதான் பிரச்சினை" என்பாள். இப்போது எதுவும் இல்லாததால் பிடித்துவிட்டது. இங்கே என் பக்கத்துக் கட்டில்காரன் ஹ்ராச்சிடம் சொன்னேன். "அப்ப முழுத்தாளையும் காலியா அனுப்புடா, பரிசே தருவாங்க" என்கிறான்.

உத்தரவு என்று நீ நினைத்தது இருக்கட்டும். ஒரு கவிதை எங்கிருந்து வந்தது என்பது அதன் சொந்த விஷயம்.

இங்கே வேலை ஒன்றும் பெரிதில்லை. மூட்டைகள் இருக்கின்றன, எண்ணுகிறேன், மறுநாளும் அதே மூட்டைகள் இருக்கின்றன. கிடங்கின் சிமெண்ட் தரை கொஞ்சம் குளிர்கிறது. ஆட்டு ரோமக் காலுறை இரண்டு ஜோடி அம்மாவிடம் பின்னச் சொல். கனமாக இருக்கட்டும்.

நாய் நலமாக இருக்கிறது. அதற்குப் பெயர் வைப்பது பற்றித் தகராறு நடக்கிறது.

ஜிராயர்


கும்ரி, 8 ஜனவரி 2019

அண்ணா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஆறாம் தேதி மீனும் திராட்சைச் சோறும் செய்தோம். உன் தட்டையும் வைத்தாள் அம்மா. அதில் நான்தான் சாப்பிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

உன்னால் ஊரில் சண்டை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தோழர் மினாசியான் நிலவறைக்குப் போயிருக்கிறார். நம் இலக்கிய வாத்தியார்தான், பள்ளிப் பழக்கம், எனக்கு இன்னும் தோழர் என்று அழைக்காமல் அவர் பெயரை எழுத வரவில்லை. சுவரில் உன் கவிதையைப் பார்த்துவிட்டு நேரே போய் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதிவிட்டார். தலைப்பு: ஓட்டை விழுந்த கவிதை. வெட்டி வைத்திருக்கிறேன். இது அதில் ஒரு பகுதி:

"நம் புத்தகங்கள் எரிந்த காலங்களில் நம் மொழியைச் சுமந்தது மனப்பாடம். ஒரு குழந்தை ஸ்டூல் மேல் ஏறி நின்று சொல்ல முடிந்ததே நமக்குக் கவிதை. எதுவும் எழுதாத இடத்தை அந்தக் குழந்தை எப்படிச் சொல்லும்?"

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய வகுப்பில், அவருடைய ஸ்டூல் மேல், ஆண்டு விழாவுக்கு முன்னால் நான் நின்றேனே, முதல் வார்த்தையே வராமல்? அன்று நான் சொன்னது முழுக்க ஓட்டைதான். அவர் அப்போது அதற்கு முட்டை மதிப்பெண் போட்டார்.

நுனே பதில் எழுதியிருக்கிறாள். "எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிச் சொல்லியே நம் கவிதை மேடைப் பேச்சாகிவிட்டது. மலை, இரத்தம், தாய்மொழி. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று பார்க்கவே இந்த வெற்றிடம்" என்கிறாள். எங்கள் ரொட்டிக் கடை வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. சதெனிக் சித்தி குழி அடுப்புக்குள் தலையை விட்டபடியே கேட்டாள்: "உங்கண்ணன் எழுத மறந்துட்டான், அதுக்கு ஊரே அடிச்சுக்குதா?"

எனக்கு யார் பக்கம் என்று தெரியவில்லை. தோழர் சொல்வதும் சரியாக இருக்கிறது, நுனே சொல்வதும் சரியாக இருக்கிறது. ஆனால் உன் கவிதை அவர்கள் இருவரும் சொல்வது எதுவும் இல்லை என்று தோன்றுகிறது.

காலுறை அனுப்பியிருக்கிறோம். அம்மா உன் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு, "சிமெண்ட் தரையா" என்று மட்டும் கேட்டாள். பிறகு நூல் கடையில் இருந்ததிலேயே கனமான நூலாகப் பார்த்து வாங்கினாள்.

அர்பெனிக்


27 ஜனவரி 2019

அர்பெனிக் ஜான்,

தோழர் மினாசியான் என்னைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டார்! பள்ளியில் என் பெயரே அவருக்கு நினைவிருக்காது. நீ எடுத்தெழுதியதை இங்கே எல்லோரும் படித்தாயிற்று. ஹ்ராச் ராத்திரி படுக்கப் போகும்போது, "குட் நைட், ஓட்டை" என்கிறான்.

நுனேயும் எழுதியிருக்கிறாள். வசந்தத்தில் இதழ் வருகிறதாம், எனக்கு ஐந்து பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். அதனால் இந்த உறையில் இன்னும் நான்கு கவிதைகள் இருக்கின்றன. முதலாவதை விட இவற்றில் துணிச்சல் அதிகம். ஒன்றில் தலைப்பும் கடைசிச் சொல்லும் மட்டும்தான் இருக்கின்றன. படியெடுத்துக் கொடு.

ஒரு சிக்கல். நிலவறையின் வழக்கம் உனக்குத் தெரியாது. காதில் விழாத கவிதையை அவர்கள் அச்சடிப்பதில்லை. இதழுக்கு முன்னால் ஒரு மாலை எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும். எழுதியவன் வர முடியாவிட்டால் யார் வாசிப்பது என்று அவனே சொல்ல வேண்டும். இந்த முறை மினாசியானையும் அழைத்து நேருக்கு நேர் விவாதம் வைக்கிறார்கள்.

நான் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

திட்டாதே. வேறு யார் வாசித்தாலும் கையை நீட்டி, குரலை நடுங்க விட்டுக் கெடுத்துவிடுவார்கள். நீ வாசிக்காவிட்டால் அச்சு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜிராயர்


கும்ரி, 10 பிப்ரவரி 2019

அண்ணா,

என்னால் முடியாது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுதாமலே போய்விடுவேன்.

வீட்டுக்கு விருந்தாளி வந்து, "எங்க, அர்பெனிக் ஒரு கவிதை சொல்லட்டும்" என்று ஸ்டூலை இழுத்துப் போடும்போதெல்லாம் நான் கேட்காமலே நீதான் ஏறி நிற்பாய். அதை எல்லாம் மறந்துவிட்டாயா? நான் பள்ளியை விட்டது அம்மாவின் ஆபரேஷனுக்காகத்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் அதற்காக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கையும் படியெடுத்தேன். ஒவ்வொரு வெற்றிடத்திலும் எதையாவது போட்டுப் பார்த்தேன். ஊர்ப் பெயர், ஆள் பெயர், மரம், சாமான், எதைப் போட்டாலும் பொருந்துகிறது. அதனால் எதுவும் பொருந்தவில்லை. சித்தி மாவை வீசி விரிக்கும்போது கிழிந்துவிட்டால், அதை ஜன்னல் என்று சொல்லி விற்க முடியாது. இந்த நான்கும் கிழிந்திருக்கின்றன, அண்ணா.

முதல் கவிதை அப்படி இல்லை. அங்கே உள்ளே ஏதோ இருக்கிறது, கதவுக்குப் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி. "எதிரே ஒரு குன்று" என்று போட்டுப் பார்த்தேன், கவிதை முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. ஆனால் கிடங்குக்கு எதிரே குன்று எதற்கு? அங்கிருந்து உன்னைப் பார்க்கிறவர்கள் யார்? எதிரிலும் ஒரு கிடங்கு இருக்கிறதா?

தெரியாமல்தான் கேட்கிறேன்.

அர்பெனிக்


20 பிப்ரவரி 2019

அர்பெனிக்,

ஒன்பதாவதோடு நின்றுவிட்ட நீ கவிதையில் எது கிழிசல், எது ஜன்னல் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். நான் உனக்கு ரொட்டி சுடச் சொல்லித் தருகிறேனா? நுனே படித்தவள். அவளுக்குப் பிடித்திருக்கிறது.

கிடங்கைப் பற்றிக் கேள்வி கேட்காதே. முக்கியமாக அம்மா இருக்கும்போது அந்தக் கவிதையைப் பற்றிப் பேசாதே. அதனால்தான் இதைச் சித்தியின் கடை முகவரிக்கு அனுப்புகிறேன்.

வாசிக்க முடியாவிட்டால் விடு.

ஜி.


கும்ரி, 3 மார்ச் 2019

மதிப்பிற்குரிய ஜிராயர் அவர்களுக்கு,

பார்சலில் உலர்ந்த ஆப்ரிகாட், பாலாடைக்கட்டி, சித்தி கொடுத்த லவாஷ் ரொட்டி ஆகியவை இருக்கின்றன. ரொட்டியின் மேல் தண்ணீர் தெளித்துத் துணியில் சுற்றி வைத்தால் மிருதுவாகும். இது எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

நான்கு கவிதைகளையும் நுனேயிடம் சேர்த்துவிட்டேன். வாசிக்க வேறு ஆள் பார்க்கச் சொன்னேன். ஆளை நீதான் சொல்ல வேண்டும் என்றாள்.

புனித சர்கீஸ் நாளன்று கடை அக்காமார் வற்புறுத்தி உப்பு பிஸ்கட்டைத் தின்ன வைத்தார்கள். தின்ற பிறகு தண்ணீரும் குடிக்கக் கூடாது, பேசவும் கூடாது, கனவில் எவன் தண்ணீர் கொண்டு வருகிறானோ அவன்தான் மாப்பிள்ளை. "பேசாம இருக்கறதுதான் கஷ்டம், உனக்கென்னடி!" என்று சிரித்தார்கள். கனவில் யாரும் வரவில்லை. ஒரு நாய் மட்டும் வந்தது. அதனிடமும் தண்ணீர் இல்லை.

அம்மா நலம்.

அர்பெனிக்


24 மார்ச் 2019

அர்பெனிக் ஜான்,

நாய் வந்தது என்று படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். இப்போதுதான் எழுத உட்காருகிறேன். இந்தக் கடிதமும் சித்தியின் கடை முகவரிக்கு வரும். படித்ததும் அந்தக் குழி அடுப்பிலேயே போட்டுவிடு.

கிடங்கு இல்லை. மூட்டையும் இல்லை. வந்த இரண்டாம் மாதமே எங்களை மேலே எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். அர்மாவிர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்கு இப்போது சொல்லத் தெரியாது. நீ போட்டுப் பார்த்தது சரிதான். எதிரே குன்று. அதில் அவர்களுடைய காவல் நிலை. காற்று இல்லாத காலையில் அங்கே ஒருவன் இருமுவது கேட்கும். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் யாரும் கால் வைக்காத நிலம். நாய் அங்கேதான் தூங்குகிறது.

பயப்படாதே. பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. பார்க்கிறோம், பார்க்கிறார்கள். இங்கே எல்லோரும் அம்மாவிடம் ஏதாவது ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறார்கள். ஹ்ராச் தன் அம்மாவிடம் தான் சமையல்காரன் என்று சொல்லியிருக்கிறான். அவள் போனில், "அம்பது பேருக்குப் பருப்பு சூப்புன்னா உப்பு எவ்வளவுடா போடுவே?" என்று கேட்கிறாள். இவன், "இரு, அடுப்பு மேல இருக்கு, பாத்துட்டு வரேன்" என்று போனை வைத்துவிட்டு நிஜச் சமையல்காரனைத் தேடி ஓடுகிறான்.

அந்த முதல் கவிதையில் நான் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. என் கடிதத்தை முதலில் பிரிப்பது அம்மா. அதனால் மூன்று இடத்தில் பேனாவைத் தூக்கிவிட்டேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. அவ்வளவுதான். பிறகு ஆளாளுக்கு அதைப் புகழ்ந்ததும், பேனாவைத் தூக்குவதுதான் கவிதை என்று நினைத்துக்கொண்டு நான்கு எழுதினேன். அவற்றில் மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. உன் கடிதத்தைப் படித்த அன்றே இது எனக்குத் தெரியும். அதனால்தான் உனக்கு அப்படிக் கடுமையாக எழுதினேன். படிப்பைப் பற்றி எழுதியதை நீ மறக்க வேண்டாம், நானும் மறக்கமாட்டேன்.

நுனேக்கு எழுதிவிட்டேன். நான்கையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், முதலாவது மட்டும் இருக்கட்டும், வாசிப்பவர் பெயரை மாற்றவில்லை என்று. உன்னால் முடியாவிட்டால் அது அச்சில் வராது. பரவாயில்லை. நீ முடியாமல் நின்றாலும் எனக்கு அவமானம் இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

ஒன்று மட்டும். அம்மா வரக் கூடாது. "இரண்டு பக்கமும் தின்றுவிட்டு" என்பது தாளில் அவள் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம், காதால் கேட்டால் புரிந்துவிடும்.

உன் வலியெல்லாம் எனக்கு வரட்டும்,
ஜிராயர்


கும்ரி, 14 ஏப்ரல் 2019

அண்ணா ஜான்,

அம்மா வந்துவிட்டாள்.

நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ரொட்டி வாங்க வந்த நுனே, "நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வா" என்று கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். சித்தி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நான் தடுத்துப் பார்த்தேன். படிக்கட்டு செங்குத்து, புகை, கால் வலிக்கும் என்றெல்லாம். "என் பையனோட கவிதைக்கு நான் போகாம, மினாசியான் போவாராமா?" என்றாள் அம்மா. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

நிலவறை நிறைந்திருந்தது. முதலில் விவாதம். தோழர் மினாசியான் எழுந்து கேட்டார்: "ஒரே ஒரு கேள்வி. அந்த ஓட்டையை எப்படி வாசிக்கப் போறீங்க? வாசிச்சுக் காட்டுங்க, நான் வாயை மூடிக்கறேன்."

அதற்குப் பதிலாக உன் நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவன் அந்த இடத்தில் கிளாஸைத் தட்டலாம் என்றான். ஒருத்தி விளக்கை அணைக்கலாம் என்றாள். தாளைக் கிழிக்கலாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல். தோழர், "பட்டாசு வெடிங்களேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நுனேயும் சிரித்தாள். பிறகு என் பெயரைச் சொல்லிவிட்டாள்.

அங்கே மேடை இல்லை. ஒரு ஸ்டூல்தான் இருந்தது. சத்தியமாக. நான் அதன் மேல் ஏறவில்லை, பக்கத்தில் நின்றேன்.

முதல் வரி வந்துவிட்டது. எப்படி என்று தெரியவில்லை, உன் குரல் மாதிரி வந்தது. "காலையில் எழுந்து பார்க்கிறேன்." அதற்குப் பிறகு வெற்றிடம். நான் தட்டவும் இல்லை, அணைக்கவும் இல்லை. வழக்கமாக என் தொண்டை அடைத்துக்கொள்கிற இடத்தில் அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான். பள்ளியில் அப்படி நின்றபோது எனக்குள்ளே எதுவுமே இல்லை. இப்போது குன்று இருந்தது, இருமுகிறவன் இருந்தான். சொல்லாமல் நின்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நாய் வந்த வரியில் அம்மாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வெற்றிடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அதனிடம் யாரும் சொல்லவில்லை." நானும் சொல்லவில்லை. பிறகு தாளை மடித்தேன்.

தோழர் மினாசியான் மறுபடி எழுந்தார். "இது கவிதைன்னு நான் இன்னும் ஒத்துக்கலை. ஆனா ரெண்டாவது எடத்துல ஒரு பேர் என் வாய் வரைக்கும் வந்துது. அது கவிதையோட குத்தமா, என் குத்தமான்னு யோசிக்கணும். எழுதறேன்." அடுத்த வாரம் பத்திரிகையில் மறுபடி திட்டுவார், தயாராக இரு. போகும்போது என்னிடம், "அர்பெனிக், அன்னிக்கு நீ ஸ்டூல் மேல எவ்வளவு நேரம் நின்னே, ஞாபகம் இருக்கா? நான்தான் அவசரப்பட்டேனோ?" என்றார்.

கவிதை இதழில் வருகிறது. ஒரே பக்கம்தான்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். இன்று குருத்தோலை ஞாயிறு என்பதால் தேவாலயத்து வாசலில் நேற்றே ஓலைக்குப் பதிலான வில்லோ மரக் கிளைகளைக் குவித்திருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். மூலை திரும்பும்போது நின்று ஒரு விஷயம் சொன்னாள். உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அதனால் எழுதவில்லை. அது இருக்க வேண்டிய இடம் இதுதான்:

________

இதை நீயே நிரப்பிப் பார். நிரம்பும்.

இந்தக் கடிதத்தோடு பார்சலும் வருகிறது. அதில் இன்னும் மூன்று ஜோடி காலுறைகள் இருக்கின்றன, முழங்கால் வரைக்கும். வெடித்த கைக்குப் பூச வாத்துக் கொழுப்பு. ஏப்ரலில் அர்மாவிரில் ஆப்ரிகாட் பூத்துவிடுமே அம்மா, இவ்வளவு கம்பளி எதற்கு என்று கேட்டேன். "சிமெண்ட் தரையாச்சே" என்றாள்.

அடியில் ஒரு துணிப்பை தனியாகக் கட்டியிருக்கும். பிரித்துப் பார்த்துவிட்டு எங்களுக்குப் பைத்தியம் என்று நினைக்காதே. சித்தி கடையில் மிஞ்சிய ரொட்டியை அம்மா ராத்திரி உட்கார்ந்து துண்டு துண்டாக நறுக்கிக் காயவைத்தாள். யாருக்கு என்று கேட்டேன்.

"குடோன் நாய்க்கு," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "நிறையவே போடச் சொல்லு. ரெண்டு பக்கமும் தின்னுட்டுப் போகட்டும்."

அர்பெனிக்